அப்பாவை நான் குடிகாரனாக்கிய கதை

ஊசி போடுவது எப்படி, கட்டுப் போடுவது எப்படி என்றெல்லாம் உங்களுக்குச் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். நோயாளியிடம் எப்படிச் சிரிக்கவேண்டும் என்றுகூட இப்போது வகுப்பு வைக்கிறார்களாம். நான் அதற்குள் போகவில்லை. முப்பத்தாறு வருடம் வெள்ளைத் தொப்பியோடு நின்றவள் என்று என்னைக் கூப்பிட்டு, நல்ல கதிரையாகப் பார்த்து உட்கார வைத்திருக்கிறீர்கள். உயிர் காப்பாற்றிய கதை ஏதாவது சொல்வேன் என்று நினைத்திருப்பீர்கள். நான் சொல்லப்போவது, இருபத்து நான்கு வயதில், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமுடியாமல், பெற்ற தகப்பனின் பெயரைக் கெடுத்த கதை. அதில் வருகிற ஆண்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அதனால்தான் இப்போது வாயைத் திறக்கிறேன்.

ஐம்பதுகளின் தொடக்கம். கல்முனைப் பக்கத்தில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரி. ஒரு டொக்டர், இரண்டு மிஸ்ஸிமார், உங்கள் பாஷையில் தாதிமார். அந்த இருவரில் இளையவள் நான். காலையில் வெளிநோயாளர் வரிசை கேற்றைத் தாண்டி றோட்டுக்குப் போய்விடும். அந்த வரிசையில் ஒரு தையற்காரர், ஒரே மாதத்தில் மூன்றாவது தடவையாக, விரலைத் தூக்கிப் பிடித்தபடி வந்து நின்றார். மெசின் ஊசி நகத்தைத் துளைத்து மறுபக்கம் வந்திருந்தது. ஆதம்பாவா என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயர் அதுவல்ல. நம் கரையில் தடுக்கி விழுந்தால் ஓர் ஆதம்பாவாவின் மேல்தான் விழவேண்டும், ஆகவே யாரென்று தேடி மினக்கெடாதீர்கள்.

இருபது வருடமாக மெசின் மிதிக்கிறவர் மாதத்தில் மூன்று தடவை தன் விரலையே தைப்பாரா? அதோடு அவர் வாயைத் திறந்தால் ஏலக்காய் மணந்தது. காலை ஒன்பது மணிக்கு அப்படி ஏலக்காய் மணக்கிறவர் ஒன்றில் நெய்ச்சோறு ஆக்கிவிட்டு வந்திருக்கவேண்டும், அல்லது எதையோ மறைக்கவேண்டும். கட்டுப் போட்டுக்கொண்டே குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"எவ்வளவு காலமா?"

"என்ன மிஸ்ஸி?"

"ஏலக்காய்."

அவர் விரலைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "மூணு வருசம்" என்றார்.

நம் கரையில் குடிப்பதற்கும் ஒரு மரியாதை இருந்தது. தன் ஊரில் ஒருவரும் குடிக்கமாட்டார். முஸ்லிம் ஊர்க்காரர் பஸ் ஏறித் தமிழ் ஊர்க் கள்ளுத் தவறணைக்குப் போவார். அந்தத் தமிழ் ஊர்க்காரர் கோயில் ஆட்களுக்கோ போதகருக்கோ பயந்து அதற்கு அடுத்த ஊருக்குப் போவார். நடுப்பகல் பஸ்ஸில் தெற்கே போகிறவர்களும் வடக்கே வருகிறவர்களும் ஒருவரையொருவர் பார்க்காமல், ஜன்னலுக்கு வெளியே கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கடல் தெரியாத இடத்திலும் அப்படித்தான் பார்ப்பார்கள். ஆதம்பாவாவும் மூன்று வருடமாக அப்படிக் கடல் பார்த்தவர்.

"விடணும் எண்டுதான் மிஸ்ஸி நினைக்கன். ஏலாம இரிக்கி. வீட்டுல தெரியா. தெரிஞ்சா நான் முடிஞ்சன். வீடு பொஞ்சாதிட. சீதன வீடு. அவட காக்காமார் ரெண்டு பேரும் பள்ளிவாசல்ல முன்னுக்கு நிக்கிற ஆக்கள். மெசினையும் என்னையும் சேத்துத் தூக்கி றோட்டுல வெச்சிருவாங்க."

அவர் மிகைப்படுத்தவில்லை. நம் கரையில் வீடு பெண்ணுடையது. ஆண் கலியாணம் முடித்து அங்கே போய் இருக்கிறவர். அவளோ அவள் அண்ணன்மாரோ ஒரு வார்த்தை சொன்னால் அவருக்குப் பாய் விரிக்க இடமில்லை.

அவரிடம் சம்மதம் கேட்டுக்கொண்டு டொக்டரிடம் போனேன். டொக்டர் யாழ்ப்பாணத்து மனிதர், அதிகம் பேசமாட்டார். குடியை விட நினைக்கிறவர்கள் கிழமைக்கு ஒருதரம் கூடி, ஒருவருக்கொருவர் கதைத்தே அதை விடுகிறார்களாம் என்று கொழும்பு நண்பர் ஒருவர் அவருக்கு எழுதியிருந்தார். அப்படி ஒரு கூட்டம் கல்முனைக் கரையிலும் எங்கேயோ நடக்கிறதாம். எங்கே என்று அந்த நண்பருக்கும் தெரியாது.

"எங்கட மிக்ஸர் மருந்தால ஆகிற காரியமில்லை இது. அந்த இடத்தைக் கண்டுபிடிச்சு ஆளை அனுப்பினா நல்லம். ஆனா பிள்ளை, சத்தமில்லாம விசாரியும்" என்றார்.

சத்தமில்லாமல்தான் விசாரித்தேன். பஸ் கொண்டக்டரிடம் சத்தமில்லாமல் கேட்டேன். தபாற்காரரிடம் கேட்டேன். மீன்காரி, ஆஸ்பத்திரிச் சமையற்காரர், தேத்தண்ணிக் கடைக்காரரின் மனைவி, ஒருவரையும் விடவில்லை. "குடியை விடுற ஆக்கள் கூடுற இடம் ஒண்டு இருக்காமே, எங்க எண்டு தெரியுமா? தெரிஞ்ச ஒரு ஆளுக்கு." ஆதம்பாவாவின் பெயரை எங்கும் உச்சரிக்கவில்லை. என் கெட்டித்தனத்தை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

இங்கேதான் கவனிக்கவேண்டும் பிள்ளைகளே. ஒரு குமர்ப்பிள்ளை வீடு வீடாகப் போய் ஓர் ஆணுக்காக ஏதாவது விசாரித்தால், அந்த ஆண் யார் என்று நம் ஊர் கேட்பதே இல்லை. அதுவாகவே கணக்குப் போட்டுக்கொள்ளும். எனக்கு அண்ணன் இல்லை, தம்பி இல்லை, கலியாணம் ஆகவில்லை. என் வீட்டில் இருந்த ஒரே ஆண் அப்பா.

அப்பா மெதடிஸ்ட் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை போதகர் வராவிட்டால் பிரசங்கமும் அவர்தான். அவர் வாழ்நாளில் குடித்ததிலேயே காரமான பானம் ஜிஞ்சர் பியர். அதையும் நத்தார்ப் பெருநாளுக்கு ஒருதரம், அரைக் கிளாஸ் குடித்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொள்வார்.

முதலில் போதகர் ஜெபம் பண்ண வந்தார். யாருக்கு என்று சொல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு, 'இந்த வீட்டின் பலவீனத்துக்காக' அரை மணித்தியாலம் மன்றாடினார். அடுத்த நாள் தலைமையாசிரியர் அப்பாவைக் கூப்பிட்டு, களைப்பாக இருந்தால் கொஞ்ச நாள் லீவு எடுங்கள் என்றார். மூன்றாம் நாள், எனக்குப் பேசி வைத்திருந்த மட்டக்களப்பு மாப்பிள்ளை வீட்டார் அந்தப் பேச்சை இத்தோடு விடுவோம் என்று ஆள் அனுப்பினார்கள். அந்த மாப்பிள்ளையிடம் மீசையைத் தவிர வேறொன்றும் எனக்குப் பிடித்திருக்கவில்லை, ஆகவே அதை நான் நட்டத்தில் சேர்க்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, டொக்டரே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அப்பாவுக்கும் அந்த இடம் உதவுமெண்டா நல்லதுதானே பிள்ளை" என்றார். விசாரிக்கச் சொன்ன மனிதரே நம்பிவிட்டார்!

அம்மா சட்டியைப் போட்டு உடைக்காத குறை. "முப்பது வருசம் உப்புச் சப்பில்லாம வாழ்ந்த மனிசனுக்கு இந்த வயசில இப்பிடி ஒரு பேரா!" என்று என்னை உண்டு இல்லை என்று ஆக்கினார். அப்பா தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து என் எதிரே இருந்தார்.

"ஆருக்கோ கேட்டிருக்காய். என்ன?"

"ஓம் அப்பா."

"ஆரெண்டு சொல்லலாமா?"

"ஏலாது."

"நான் குடிக்கிறல்ல எண்டு ஊருக்குச் சொன்னா?"

நான் யோசித்தேன். "அப்ப வேற ஆர் எண்டு தேடுவாங்க. என்னட்ட அடிக்கடி மருந்துக்கு வாறது ஆர் எண்டு பாப்பாங்க."

"பிடிபட்டா அந்த ஆளுக்கு என்ன நடக்கும்?"

"வீடு போயிடும்."

அப்பா தேத்தண்ணியை முழுதும் குடித்து முடித்தார். "சரி. அப்ப நான்தான்" என்றார்.

இவ்வளவுதான் சொன்னார். பெரிய தியாகம் செய்கிறவரின் முகமெல்லாம் இல்லை. கரும்பலகையில் ஒரு கணக்கைப் போட்டு விடையின் கீழே கோடு கிழிக்கும்போது அவர் முகம் எப்படி இருக்குமோ, அப்படித்தான் இருந்தது. எனக்கு அழுகை வந்தது. அம்மாவுக்கு இன்னும் கோபம் வந்தது.

இனி வேடிக்கையைக் கேளுங்கள். மூன்று கிழமை நான் அலைந்து தேடியும் கிடைக்காத கூட்டம், அப்பா குடிகாரர் என்று ஊர் நம்பிய ஐந்தாம் நாள் தானாகவே அவரைத் தேடி வந்தது. இடைவேளை நேரம் மருதமுனை நெசவுக்காரர் ஒருவர் தோளில் சாரக் கட்டோடு பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறார். ஒரு சாரத்தை விரித்துக் காட்டுகிற பாவனையில், அதற்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு, "மாஸ்டர், வெக்கப்படாதீங்க, நானும் கிடந்து உருண்டவன்தான். சனிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பொறகு என்ட தறிக் கொட்டிலுக்கு வாங்க" என்றிருக்கிறார். கொழும்புக்குச் சாரம் விற்கப் போன இடத்தில் அப்படி ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து, குடியை விட்டு, ஊருக்கு வந்து தானே ஒன்றைத் தொடங்கியவர் அவர். வாயால் கேட்டு வருகிறவர்களை அவர்கள் நம்புவதில்லை. வேவு பார்க்க வருகிறார்கள் என்று ஒதுங்கிவிடுவார்கள். விழுந்து கிடக்கிற ஆளை அவர்களே வந்து தூக்குவார்கள்.

"நீ தேடின இடம் என்னைத் தேடி வந்திருக்கு. உன்ட ஆளிட்டச் சொல்லு" என்றார் அப்பா.

சொன்னேன். ஆதம்பாவா பின்வாங்கினார். தனியாக அந்தத் தறிக் கொட்டில் ஒழுங்கைக்குள் திரும்பினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று பயம். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. என் வாயிலிருந்து வந்த ஒரே நல்ல யோசனை அதுவாகத்தான் இருக்கும். "மாஸ்டர் போறார். அவருக்குத் துணைக்குப் போறன் எண்டு சொல்லிட்டுப் போங்க" என்றேன்.

அந்தச் சனிக்கிழமை இருவரும் இரண்டு சைக்கிளில் போனார்கள். வழியில் தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்கள், ஒரு குடிகார வாத்தியாரைத் திருத்தப் பாடுபடுகிறாரே என்று ஆதம்பாவாவைப் புகழ்ந்தார்களாம். அவருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லையாம்.

கொட்டிலில் ஒரு சட்டம் இருந்தது. கூட்டம் முடியும்வரை யாராவது ஒருவர் தறியில் இருந்து நெய்துகொண்டே இருக்கவேண்டும். அந்தக் கடகட சத்தத்தில் உள்ளே கதைப்பது வெளியே கேட்காது. முறை வைத்து நெய்தார்கள். நெய்யத் தெரியாதவர்களும் நெய்தார்கள். அந்தச் சாரத்தை உடுக்க எந்த ஆண்மகனுக்கும் துணிவு வராது. அங்கே யார் என்ன சொன்னார் என்று அப்பா ஒருநாளும் வீட்டில் சொன்னதில்லை. தன் கதையை மட்டும் சொன்னார். முதல் நாள் அவர் முறை வந்தபோது எழுந்து நின்று, "நான் குடிக்கிறல்ல" என்று உள்ளதை உள்ளபடி சொன்னாராம். எல்லோரும் அன்பாகத் தலையாட்டினார்களாம். "மொத நாள் எல்லாரும் அதத்தான் செல்ற மாஸ்டர். இரிங்க, இரிங்க" என்று நெசவுக்காரர் தேத்தண்ணி கொடுத்தாராம். உண்மையிலேயே குடிப்பதில்லை என்று அவர்கள் நம்புவதற்கு நாலு கிழமை எடுத்தது.

ஆதம்பாவாவின் விரலில் ஊசி ஏறுவது நின்றது. ஏலக்காய் நின்றது. எட்டுக் கிழமை ஒழுங்காகப் போனது. ஒன்பதாம் கிழமை, ஒரு வியாழக்கிழமை காலை, அவருடைய மனைவி மீரா உம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தார். தலையிடி என்று துண்டு எழுதுவித்து, என் முன்னால் வந்து இருந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்.

"மிஸ்ஸி, கோவிக்கப்படாது. உங்கட வாப்பாவப் பத்தி ஒரு கத."

"சொல்லுங்க."

"என்ட மனிசன் பாவம் பாத்து அவரோட போறார். நல்ல காரியந்தான். ஆனா குடிக்கிற ஆளோட சேந்து திரிஞ்சா இவருக்கும் அது பழகிப் போயிரும் எண்டு பயமா இரிக்கி. இந்தச் சனிக்கிழமையில இரிந்து அனுப்ப மாட்டன். மாஸ்டருக்கு நீங்கதான் பக்குவமாச் செல்லணும். அதுக்குத்தான் வந்தன். இல்லாட்டி, பயப்பட ஒண்டுமில்ல எண்டு நீங்க உங்கட வாயால செல்லுங்க, நான் நம்புறன்."

கையில் தேமாமீட்டர் இருந்தது. அதை உதறு உதறென்று உதறினேன். பாதரசம் அடிக்கு இறங்கிய பிறகும் உதறினேன். உண்மையைச் சொன்னால் ஆதம்பாவா றோட்டில். சொல்லாவிட்டால் சனிக்கிழமை நின்றுபோகும், அந்த மனிதர் மறுபடியும் பஸ் ஏறுவார். பயப்பட ஒன்றுமில்லை என்று சமாளித்து அனுப்பியிருக்கலாம். அப்படிச் சொல்லத்தான் வாய் துடித்தது. ஆனால் என்னை நம்பி வந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு மனிசியிடம், அவள் வீட்டு விஷயத்திலேயே பொய் சொல்ல எனக்கு நாக்கு எழும்பவில்லை.

"ஒரு நாள் தாங்க. நாளைக்குப் பதில் சொல்றன்" என்றேன். தலையிடிக்கு இரண்டு குளிசையும் கொடுத்தேன்.

மத்தியானம், கிழியாத தாவணி ஒன்றின் விளிம்பைக் கிழித்து எடுத்துக்கொண்டு, புடவைக் கடை விறாந்தைக்குப் போனேன். ஆதம்பாவா அங்கே மெசினில் இருந்தார். விஷயத்தைச் சொன்னேன். மெசின் நின்றுவிட்டது.

"நாளைக்கு உங்கட மனிசி வருவா. நான் பொய் சொல்லமாட்டன். உண்மையும் சொல்லமாட்டன், அது உங்கட உண்மை. இண்டைக்கு நீங்க வீட்டில சொல்லுங்க."

"சென்னா வீடு போயிரும் மிஸ்ஸி."

"சொல்லாட்டிச் சனிக்கிழமை போயிடும்."

அவர் என் தாவணியை வாங்கி விளிம்பைத் தைத்துத் தந்தார். தையல் நேராக இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன் அந்தக் கையால் அப்படித் தைத்திருக்க ஏலாது. அதைப் பார்த்ததும் எனக்குப் பயம் கூடிவிட்டது. இவ்வளவு தூரம் ஏறி வந்தவரை நானே பிடித்துத் தள்ளுகிறேனோ!

வெள்ளிக்கிழமை அவர் மனைவி காலையில் வரவில்லை. பத்து மணிக்கும் வரவில்லை. ஜும்ஆத் தொழுகைக்கு ஆட்கள் போகத் தொடங்கினார்கள். மெசினும் பாயும் றோட்டில் கிடக்கிறதா என்று பார்த்துவர ஆள் அனுப்பலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போது மீரா உம்மா வந்தார். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"செல்லிட்டார்" என்றார்.

கதிரையை இழுத்துப் போட்டு அவரை இருத்தினேன்.

"காக்காமாருக்குத் தெரியா. ஏன் செல்லணும்? வீடு அவங்கடயா? என்ட வீடு. ஆர வெக்கிற, ஆரப் போடுற எண்டு நான்தான் பாக்கணும்."

"அப்ப வெச்சிருக்கீங்களா?"

"மூணு வருசம் ஏலக்காய மணந்து மணந்து, என்ட மனிசன் எவ்வளவு வாசமா இரிக்கார் எண்டு சந்தோசப்பட்டிரிக்கன் மிஸ்ஸி. என்னப் போல மடச்சி இரிப்பாளா!" சொல்லிவிட்டு அழுதார். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்தார். "இனி ஒரு சனிக்கிழமை தவறினா அண்டைக்குத்தான் அவருக்கு றோட்டு." வாசல்வரை போனவர் திரும்பினார். "அப்ப மாஸ்டர்?"

"ஜிஞ்சர் பியர்தான்" என்றேன்.

அவர் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பில் மருந்துக்கு நின்ற வரிசையே திரும்பிப் பார்த்தது. பிறகு சிரிப்பு நின்றது. "யா அல்லாஹ், அந்த மனிசன்ட பேர! இண்டைக்கே ஊரெல்லாம் செல்லித் திருத்துறன்" என்று புறப்பட்டார். ஒரு நாள் பொறுங்கள் என்று மறுபடியும் கெஞ்சி நிறுத்திவிட்டு, அன்று பின்னேரம் வீட்டுக்கு ஓடினேன். அப்பாவுக்கு நல்ல செய்தி கொண்டுபோகிறேன் என்ற நினைப்பு.

"வேணாம்" என்றார் அப்பா.

"ஏன் அப்பா? அவருக்குத்தான் இனிப் பயமில்லையே."

"அவருக்கு இல்ல. மற்ற ஆக்களுக்கு?" அப்பா விரல் விட்டுச் சொன்னார். "பொத்துவில்ல இருந்து வாற பஸ் ட்ரைவர், 'மாஸ்டரைப் பாக்கப் போறன்' எண்டு வீட்டில சொல்லிட்டுத்தான் வாறார். விநாயகபுரத்து மீன்பிடிச் சம்மாட்டியும் அப்பிடித்தான். இப்ப எட்டுப் பேர். எல்லாரும் என்னைத் திருத்தத்தான் வாறாங்க. நான் நல்லவனாகிட்டா அவங்க ஆரைப் பாக்க வாறது?"

எனக்குக் கோபம் வந்தது. அவர் பெயரைக் கெடுத்த நானே, அதைத் திருத்திக் கொடுக்கவும் முடியாமல் நிற்கிறேனே என்ற கோபம். சத்தம் போட்டேன், அழுதேன். அம்மாவும் இந்த ஒரு தடவை என் பக்கம் நின்றார்.

"சனிக்கிழமை பின்னேரம் எனக்கும் வேற வேலை இல்ல" என்றார் அப்பா. "முப்பது வருசம் பிரசங்கம் பண்ணியிருக்கன். ஒருத்தனும் என்னட்ட உண்மை கதைச்சதில்ல. அங்க கதைக்கிறாங்க."

அதற்குப் பிறகு மீரா உம்மாதான் எங்கள் எல்லோரையும்விட நன்றாக நடித்தவர். சனிக்கிழமைதோறும் எங்கள் வீட்டுக்கு வட்டிலப்பமோ தொதலோ வரும். கொண்டுவருகிறபோது ஒழுங்கைக்கே கேட்கும்படி, "பாவம் மாஸ்டர், இத சாப்பிட்டாவது அந்த நினைப்பு வராம இரிக்கட்டும்" என்பார். உள்ளே வந்து கதவைச் சாத்தியதும் அம்மாவும் அவரும் சிரிக்கிற சிரிப்பில் அப்பா பேப்பரை மடித்துக்கொண்டு பின்வளவுக்குப் போய்விடுவார்.

நோயாளியின் ரகசியத்தைக் காப்பாற்றவேண்டும் என்று உங்கள் புத்தகத்தில் இருக்கும். நானும் அதைப் படித்துத்தான் பாசானேன். அதைக் காப்பாற்ற ஒவ்வொரு கிழமையும் யார் வீட்டில் என்ன செலவாகிறது என்று அதில் எழுதியிருக்கவில்லை. பெயரை மறைத்தால் ஆளை மறைத்தாகிவிட்டது என்று நான் நினைத்தேன். நீங்களும் நினைப்பீர்கள், கொஞ்சக் காலம்.

ஏழு வருடம் அப்பா தவறாமல் போனார். தறியும் பழகிக்கொண்டார். ஐம்பதுகள் முடிவதற்குள், ஒரு மழைக்காலத்தில், நெஞ்சு வலி வந்து இரண்டே நாளில் போய்விட்டார். என் ஆஸ்பத்திரியில்தான், என் கையைப் பிடித்துக்கொண்டுதான் போனார்.

அடக்கத்தன்று வீடு நிறைந்த சனம். எட்டு ஆண்கள் கேற்றடியில் ஒன்றாக நின்றார்கள். சிலர் தொப்பி போட்டிருந்தார்கள், ஒருவர் நெற்றியில் திருநீறு. ஒருவரும் உள்ளேயும் வரவில்லை, வெளியேயும் போகவில்லை. அவர்களுடைய மனைவிமாரில் சிலர் பெண்களோடு உள்ளே இருந்தார்கள். மீரா உம்மா எனக்குப் பக்கத்தில் இருந்தார்.

தூரத்து உறவு மாமி ஒருத்தி என் தலையைத் தடவி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "பாவம், என்ன படிச்ச மனிசன். குடியால பேர் கெட்டுப்போச்சு. கடைசிக் காலத்திலயாவது விட்டாரே, அது பெரிய காரியம்."

மீரா உம்மா உண்மையைச் சொல்ல வாயைத் திறந்துவிட்டார். அவர் கையை நான் பிடித்து அழுத்தினேன். கேற்றடியில் நின்ற எட்டுப் பேரும் என்னையே பார்த்தார்கள்.

"ஓம் மாமி" என்றேன். "ஒரு சொட்டும் தொடல்ல."